ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் டிராக்டரைத் தயார் செய்வது: சேலம், ஏற்காடு பக்கத்துப் புது டிராக்டர்காரர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் என் டிராக்டரின் சைலென்சர் வாயில் ஒரு கொட்டாங்குச்சி ஏறிவிடும். பார்க்கிறவர்கள் திருஷ்டிக்கு வைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மழைக்கு வைத்தது. வானத்தைப் பார்த்து நிற்கிற சைலென்சருக்குள் ராத்திரி முழுக்க மழை பெய்தால் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்? திறந்திருக்கும் வால்வு வழியாக நேரே சிலிண்டருக்குள் போய் உட்காரும். காலையில் நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் அந்தத் தண்ணீரை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். வாய் வளைந்த சைலென்சரோ, மூடித் தகடு ஆடுகிற சைலென்சரோ இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர்களுக்குக் கொட்டாங்குச்சியோ காலி டப்பாவோ போதும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்காலத்துக்கு டிராக்டரை எப்படித் தயார் செய்வது என்று செல்போனில் தேடினால் வருகிற வீடியோக்கள் எல்லாம் பனி கொட்டும் ஊர்களில் எடுத்தவை. டீசல் கெட்டியாகிவிடும், ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடித்துவிடும், இன்ஜினுக்கு ஹீட்டர் மாட்டு என்பார்கள். அதெல்லாம் அந்த ஊருக்குச் சரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயே மார்கழி, தை விடியலில் 12, 13 டிகிரிக்கு இறங்கினால் போர்வைக்குள் முடங்கிவிடுகிறோம். கீழே சேலத்தில் அந்தக் குளிரும் கிடையாது. இந்தக் குளிருக்கு டீசலும் உறையாது, தண்ணீரும் உறையாது.

நம் பக்கம் வண்டியைக் கெடுப்பது ஈரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் பொங்கல் தாண்டியும் விடாத பனி. டேங்க், பேட்டரி, வயர், பிரேக், ஆயில் என எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் நுழையப் பார்க்கும். இன்னொரு வித்தியாசம், அந்த நாடுகளில் குளிர்காலத்தில் டிராக்டரைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். இங்கே அப்போதுதான் வண்டிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கீழே மரவள்ளிக் கிழங்கு எடுப்பு, மக்காச்சோள லோடு, நெல் வயலில் சேற்றுழவு. மேலே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு.

ஆகவே வேலையை ஆயுத பூஜையிலேயே தொடங்குங்கள். எப்படியும் அன்றைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கத்தான் போகிறோம். அந்த வாரத்திலேயே ஒரு முழுப் பகலை ஒதுக்கிக் கீழே உள்ளவற்றைச் செய்துவிட்டால் தை வரைக்கும் பெரிய தொல்லை இருக்காது. பாதிக்கு மேல் நீங்களே செய்யக்கூடிய வேலைதான்.

கழுவுவதும் கிரீஸ் அடிப்பதும்

ஓடி நின்ற சூட்டோடு இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். ரேடியேட்டர் தகடுகள், டைனமோ, செல்ஃப் மோட்டார், ஏர் கிளீனர் வாய், மீட்டர் பலகை இவற்றின் மேல் அழுத்தமான தண்ணீரைப் பாய்ச்ச விடாதீர்கள். மட்கார்டு பளபளப்பதைவிட வண்டியின் வயிற்றுப் பக்கம் மண் போவதுதான் முக்கியம். காய்ந்த சேறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டே இருக்கும். அது போனால்தான் எங்கே ஆயில் கசிகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கழுவிய அன்றே கிரீஸ் அடித்தாக வேண்டும். முன் ஆக்ஸில், கிங் பின், ஸ்டியரிங் முட்டுகள், கிளட்ச் பிரேக் பெடல்களின் தண்டு, பின்னால் லிஃப்ட் கை என்று ஒவ்வொரு நிப்பிளாக (கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்) தேடுங்கள். முதல் தடவை வண்டியோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு எண்ணிவிட்டால் அப்புறம் கை தானாகப் போகும். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டுக் கிரீஸ் கன்னை மாட்டுங்கள், இல்லையென்றால் வெளி மண்ணை நீங்களே உள்ளே தள்ளுவீர்கள். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து, பின்னால் புது கிரீஸ் தலைகாட்டும்வரை அடியுங்கள். வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை போதும். சேற்றுழவு நடக்கும்போது தினமும் சாயங்காலம் அடிக்க வேண்டும்.

டீசலில் தண்ணீர்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் பட்டது இதில்தான்.

வண்டி வாங்கிய முதல் கார்த்திகையில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பழ லோடு அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். டேங்கில் கால்வாசிதான் இருக்கும், காலையில் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலையில் வண்டி எடுத்தது, இரண்டு நிமிடம் ஓடியது, திக்கித் திக்கி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மெக்கானிக் அண்ணன் டூவீலரிலேயே மலையேறி வந்தார். வந்ததும் இன்ஜினைத் தொடவில்லை. டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு காலி பாட்டிலில் ஊற்றி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். மேலே மஞ்சளாக டீசல், கீழே நிறமில்லாமல் இரண்டு விரற்கடை தண்ணீர். நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.

"யாரோ டீசல்ல கலப்படம் பண்ணிட்டாங்கண்ணா" என்றேன்.

"பண்ணுனது நீங்கதான் தம்பி. டேங்க்ல முக்காவாசி காலியா இருந்தா அந்த எடத்துல காத்துதானே நிக்கும்? காத்துல ஈரம் இருக்குதுல்ல. ராத்திரி தகரம் குளுந்ததும் உள்ள வேர்த்து ஒழுகுது. தெனமும் ஒரு ஸ்பூன்னாலும் ஒரு மாசத்துக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக்குங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இதுதான். வேலை முடிந்ததும், இன்ஜின் ஆறியபின், சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுவது. கழுத்துவரை ஊற்ற வேண்டாம், டீசல் விரிய ஒரு விரல் இடம் விடுங்கள். கேனில் வாங்கி ஊற்றுகிறவர்கள் கேனை மூடி போட்டு நிழலில் ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, மேலே இருப்பதை மட்டும் ஊற்றுங்கள். அடியில் இருக்கும் ஒரு டம்ளர் அளவு கேனிலேயே கிடக்கட்டும். மழையில் ஊற்ற நேர்ந்தால் புனல் மேல் குடை பிடியுங்கள். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை.

மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை காலையில், வண்டியை அசைக்கும் முன், கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தித் தண்ணீரை இறக்குங்கள். இரவெல்லாம் வண்டி ஆடாமல் நின்றிருப்பதால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், சுலபமாக வந்துவிடும். நல்ல டீசல் வரத் தொடங்கியதும் மூடிவிடலாம். டீசல் ஃபில்டர் இரண்டையும் புத்தகத்தில் சொன்ன மணிக்கணக்குக்கு மாற்றுங்கள். மழைக்கு முன்னால் கெடு நெருங்கிவிட்டது என்றால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

ஃபில்டர் மாற்றினாலோ, டீசல் தீர்ந்து நின்றாலோ லைனில் ஏர் பிடித்துக்கொள்ளும். ஏர் எடுக்கத் தெரியாமல் டிராக்டர் வைத்திருப்பது பஞ்சர் ஒட்டத் தெரியாமல் சைக்கிள் வைத்திருப்பது மாதிரி. பழைய மாதிரி பம்ப் உள்ள வண்டிகளில் இப்படிச் செய்யுங்கள்:

1. டேங்கில் டீசல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் சிக்கல் இதுவாகத்தான் இருக்கும்.

2. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். எது ஏர் ஸ்க்ரூ, எது பைப் போல்ட் என்பதை முதலிலேயே மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி ஒரு சொட்டு பெயின்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஹேண்ட் பம்ப்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழி குமிழியாக வரும், கடைசியில் சுத்தமாக ஒழுகும். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

4. இரண்டாவது ஃபில்டரிலும், பிறகு டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள்.

5. அப்போதும் எடுக்கவில்லையென்றால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் தலையில் உள்ள பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் விட்டு விட்டுத் தெறித்ததும் இறுக்கிவிடுங்கள். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் அது ஆஸ்பத்திரி கேஸ், மஞ்சள் தடவி ஆறுகிற காயம் இல்லை.

கடைசிப் படி, டீசலை மிக அதிக அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாய் வழியாக நாசில்களுக்கு அனுப்பும் புது சி.ஆர்.டி.ஐ. வண்டிகளுக்குப் பொருந்தாது. 2023 ஜனவரியிலிருந்து 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புது புகை விதி வந்திருப்பதால் பெரிய வண்டிகள் பலவற்றில் இந்த சி.ஆர்.டி.ஐ. அமைப்புதான் இருக்கும். அதில் பைப் நட்டைத் தளர்த்தாதீர்கள். ஃபில்டர் வரைக்கும் உங்கள் வேலை, அதற்கு மேல் கம்பெனி ஆள்.

பேட்டரியும் வயரும்

வெயில் காலத்தில் தட்டுத்தடுமாறிப் பிழைத்துக்கொண்டிருந்த பேட்டரி மார்கழியில்தான் உயிரை விடும். குளிரில் பேட்டரியின் சக்தி குறையும், அதே நேரம் ஆயில் தடித்து இன்ஜின் சுற்றுவதும் கனமாகும். இரண்டும் சேர்ந்து காலை வாரும்.

முதலில் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மூடிகள் இறுக்கமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பூத்தது பொங்கி அடங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். தண்ணீர் மூடி உள்ள பேட்டரி என்றால் தகடுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஆகாது.

முன்னூறு நானூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி நின்ற வண்டியில், காலையில், பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, மார்கழியை நம்பி ஒப்படைக்க முடியாது. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஃபேன் பெல்ட் தளர்வா, டைனமோ கோளாறா என்று பாருங்கள். புது பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன் பாடிக்கு வரும் எர்த் வயரையும் ஒரு முறை கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டிப் பாருங்கள். பேட்டரி செத்துவிட்டது என்று ஒதுக்கியதில் எத்தனையோ எர்த் வயரால்தான் செத்தது.

அப்புறம் எலி. மழையில் வரப்பு வளையில் தண்ணீர் புகுந்ததும் அது வெதுவெதுப்பான இடம் தேடி பானெட்டுக்குள் வரும். வயர் தோலைக் கடிக்கும், ஏர் கிளீனர் குழாயில் வைக்கோலை அடைக்கும். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள், வேறு வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஏற்காட்டில் இதோடு குரங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டு ஸ்பாஞ்சைப் பிய்ப்பதில் அதற்கு என்ன சுகமோ. சீட்டின் மேல் பழைய சாக்கைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறேன்.

ஆயில், கூலண்ட், காற்று

இன்ஜின் ஆயிலைக் காலையில், சமதரையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் குச்சி விட்டுப் பாருங்கள். அளவோடு நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு பயப்பட வேண்டிய நிறம் இல்லை. பால் விட்ட காப்பி நிறம்தான் ஆபத்து, அது ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டதற்கு அடையாளம். அப்படி இருந்தால் செல்ஃப் அடிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பின்பக்கம் கியர் ஆயிலையும் இதே கண்ணோடு பாருங்கள். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேற்றில் முங்கிய வண்டிகளில் கியர் லீவர் ரப்பர் கிழிசல் வழியாகவும், ஆக்ஸில் சீல் வழியாகவும் தண்ணீர் போய்விடும். ரப்பர் கிழிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

ஆயில் எந்த கிரேடு என்பதைப் புத்தகம் சொல்லும். ஏற்காட்டிலேயே வண்டி நிற்கும் என்றால், புத்தகம் இரண்டையும் அனுமதித்தால், 20டபிள்யூ-40க்குப் பதில் 15டபிள்யூ-40 போடுங்கள். குளிரில் அது கொஞ்சம் இளகலாக இருக்கும், காலையில் சீக்கிரம் மேலே ஏறும்.

ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. உறையாது என்பதால் கூலண்ட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள், நமக்கு அது துருவுக்கும் உப்புக்கும்தான். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். பச்சையில் சிவப்பைக் கலக்காதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நீங்கள் ஒருவராக வேண்டாம். காற்றிலேயே குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் சேறும் வைக்கோலும் அடையாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வெயில் காலத்தில் ஹீட் ஆகிறது என்று, இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் பக்கம் சாதாரணம். அது இல்லாத இன்ஜின் மலைக்குளிரில் மதியம்வரை சூடே ஏறாமல் ஓடும், டீசலைக் குடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும். கண்டுபிடிப்பது எளிது. ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை ஃபேன் பக்கம் போக வேண்டாம். தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் சில நிமிடங்கள் சில்லென்று இருந்து, பிறகு திடுமெனச் சுடும். இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுக்கும்.

ஏர் கிளீனர் ஆயில் கிண்ண வகை என்றால் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். சாரல் உள்ளே போயிருந்தால் ஆயில் கலங்கியிருக்கும். டீசலில் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே போகக் கூடாது. பேப்பர் ஃபில்டர் வகையை நனைக்கவே கூடாது.

மலைப்பாதைக்கு என்றால்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் ஊறிய தழையும் செம்மண்ணும் ரோட்டில் கிடக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து பாதை பட்ட பாடு ஊருக்கே தெரியும். பெருமழை அறிவிப்பு இருந்தால் லோடு இருக்கட்டும், நாளைக்குப் போகலாம்.

பிரேக்கைச் சோதிக்காமல் டிரெய்லரோடு மலையில் ஏறாதீர்கள். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல். உழவில் சட்டென்று திரும்ப அது வேண்டும். ரோட்டில் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்தே ஆக வேண்டும். இணைக்காமல் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுற்றிக் கவிழும். இணைத்த பிறகு ஆளில்லாத சமதரை மண் ரோட்டில் மெதுவாகப் போய் மிதித்துப் பாருங்கள். இரண்டு பின் சக்கரத் தடமும் ஒரே நீளத்துக்கு இழுபட்டிருக்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குட்டையாக இருந்தால் அட்ஜஸ்ட் செய்த பிறகுதான் மலை. உலர் டிஸ்க் பிரேக் உள்ள பழைய வண்டிகள் தண்ணீரில் இறங்கி ஏறினால் முதல் சில மிதிகளுக்குப் பிடிக்காது. ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிடுங்கள்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். லோடு ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக் மட்டும் தாங்காது, வேகம் பிடித்த பிறகு கியரும் விழாது. வளைவுக்குள் போய் கியர் மாற்றாதீர்கள், முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். நின்றால் சக்கரத்துக்கு வைக்க மரக்கட்டை ஒன்று டிரெய்லரிலேயே தொங்கட்டும்.

மூடுபனியில் நம் வண்டி மற்றவர் கண்ணுக்குத் தெரிவதுதான் நமக்குக் காப்பு. டிரெய்லர் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி, காப்பி மூட்டையும் தார்பாயும் அதை மறைக்காமல் பாருங்கள். ஹெட்லைட்டை டிம்மில் போடுங்கள், பிரைட் போட்டால் எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விடியலில் காட்டெருமை குறுக்கே நிற்கும். ஹாரன் அடிக்காமல் நின்று வழிவிடுங்கள், அது அவசரப்படாது, நீங்களும் அவசரப்படாதீர்கள். மட்கார்டில் ஆள் ஏற்றாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

டயரில் பட்டன் (புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்திருந்தால் ஈர ரோட்டில் பிடி இருக்காது. 35, 45 ஹெச்.பி. வண்டியின் பின் டயருக்கு உழவில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. பொதுவாகப் போதும், ரோட்டில் லோடு அடிக்க அதைவிடக் கூடுதலாக வேண்டும். சரியான அளவு உங்கள் புத்தகத்தில் இருக்கும். காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள்.

பனிக் காலையில் ஸ்டார்ட் செய்வது

கொட்டாங்குச்சியை எடுங்கள். கிளட்சை முழுதாக மிதியுங்கள், கியர் நியூட்ரலில் இருந்தாலும் மிதியுங்கள், செல்ஃபுக்கு கியர் பெட்டியைச் சுற்றும் பாரம் குறையும். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டி என்றால் சாவியை அந்த நிலையில் 15, 20 வினாடி பிடித்திருந்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. மூன்று தடவைக்கும் பிடிக்கவில்லையென்றால் இறங்கி டீசலைப் பாருங்கள். பேட்டரியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

பிடித்ததும் ஆக்சிலரேட்டரை ஏற்றி உறுமவிடுவது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. தடித்த ஆயில் மேலே போய்ச் சேரும் முன் உலோகம் உலோகத்தை உரசும். இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடட்டும், ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் முதலில் மந்தமாக இருக்கும், நான்கைந்து முறை லிஃப்டைச் சும்மா ஏற்றி இறக்கினால் இளகிவிடும். முதலில் வருகிற வெள்ளைப் புகைக்குப் பயப்பட வேண்டாம். சூடேறிய பிறகும் அது நிற்காமல், கூலண்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. ஆயில் சட்டிக்குக் கீழே தீ மூட்டிக் காட்டுவது. ஹீட்டர் உள்ள வண்டியில் ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிப்பது, இது காற்று போகும் குழாயிலேயே வெடிக்கும். கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரை ஷார்ட் செய்வது. கியரில் இருந்தால் வண்டி பிடித்த நொடியே கிளம்பும், நீங்கள் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால். மலைத் தோட்டங்களில் பேட்டரி இல்லாமல் மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கமும் உண்டு. பிடிக்காமல் போனால் பள்ளத்துக்குத்தான் போகும், பவர் ஸ்டியரிங்கும் இன்ஜின் இல்லாமல் வேலை செய்யாது. பேட்டரி விலையைப் பார்க்காதீர்கள்.

வேலை இல்லாமல் நிற்கும் வண்டிக்கு

மழை பிடித்துப் பத்து நாள் வேலை இல்லையென்றாலும், வாரம் ஒரு முறை எடுத்துச் சூடு ஏறும்வரை இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். ஸ்டார்ட் செய்து இரண்டே நிமிடத்தில் அணைப்பது ஓட்டாமல் விடுவதைவிட மோசம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். தார்பாயை உடம்போடு ஒட்டிப் போர்த்தாதீர்கள், அடியில் வேர்த்துத் துருப்பிடிக்கும். நான்கு கம்பு நட்டு மேலே கூரை மாதிரிக் கட்டுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும். ரோட்டாவேட்டரையும் கலப்பையையும் கழுவிக் காயவைத்து, கத்திகளிலும் கொழுவிலும் கழிவு ஆயிலைத் தடவி, பலகை மேல் இறக்கி வையுங்கள். லிஃப்டில் தூக்கியபடி விட வேண்டாம்.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் கிளட்ச் பெடலை அமுக்கி, அது எழாதபடி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். ஈரத்தில் கிளட்ச் தட்டு ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. சில வண்டிகளில் அதற்கென்றே கொக்கி இருக்கும். கட்டை வைத்திருப்பதற்கு அடையாளமாகச் சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். மறந்துபோய் ஸ்டார்ட் செய்தால் எந்த கியர் போட்டாலும் வண்டி அசையாது, கிளட்ச் போய்விட்டது என்று மெக்கானிக்கை மலைக்கு வரவழைப்பீர்கள். அண்ணன் வந்து, குனிந்து, கட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.